மூன்றாவது பட்டன்

ஒரு சட்டைக்கு அக்காவுக்கு இரண்டு நிமிடம் போதும். காலர் முதலில், பிறகு தோள்பட்டை, கைமுனை, கை, முன்பக்கம் இரண்டு, கடைசியில் முதுகு. ஹேங்கரில் மாட்டி மேல் பட்டன், நடுப் பட்டன், அடிப் பட்டன் என்று மூன்றை மட்டும் போட்டுவிட்டால் சட்டை ஆள் மாதிரி நிற்கும். பக்கத்து மேஜைக்காரி காலரைத் தொடும்போது அக்கா முதுகை முடித்திருப்பாள். அந்தச் சலவைக் கம்பெனியில் அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி மரியாதை, பாதி பயம். சும்மா நிற்கிற ஆளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "கையென்ன அடமானத்துல இருக்கா?" என்று கேட்பாள். மடிக்கிற இடத்தில் நின்று கொட்டாவி விட்டவள்கூட அந்தக் குரலுக்கு வாயை மூடிக்கொண்டு துண்டை எடுப்பாள்.

வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். நாற்பத்தொரு வயது, கதவு நிலை தட்டுகிற உயரம், தாடையில் நரைத்த முள். அஞ்சு வயசுக் குழந்தையோட புத்தி என்று எந்த டாக்டரோ எப்போதோ சொல்லிவிட்டுப் போனதை அம்மா சாகிற வரைக்கும் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது சரியில்லை. அவனுக்குத் தெரிந்ததில் பாதி எந்த அஞ்சு வயதுக் குழந்தைக்கும் தெரியாது. அவனால் முடியாததில் பாதியை எந்த அஞ்சு வயதுக் குழந்தையும் செய்துவிடும். எதைக் கேட்டாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தக் கேள்வியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் ஒரு சொல் சொல்வான். அதனால் அப்பா அவனுக்கு ஜட்ஜய்யா என்று பேர் வைத்தார். அப்பா போனார், அம்மாவும் போனாள், பேர் நின்றுவிட்டது.

ஒரே வரிசையில் ஆறு வீடுகள், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே நடை. இவர்களுடையது கடைசி வீடு. இரண்டு அறை, நடையைப் பார்த்து ஒரு ஜன்னல். ஏழு பத்துக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும். ஒன்பது மணிக்கு ஜட்ஜய்யாவைப் பகல் மையத்துக்கு ஏற்றிப்போக வேறு வேன். நடுவில் இருக்கிற அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஹோம் கேர் ஆபீசிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் ஏழு பத்து வேன் இல்லை. வேன் இல்லையென்றால் அக்காவுக்கு வேலை இல்லை.

நாலு வருஷத்தில் ஏழு பேர் வந்து போனார்கள். எட்டாவதாக வந்தவள் குனிந்துதான் வாசலுக்குள் நுழைந்தாள். அக்கா அப்போதே மனசுக்குள் அவளுக்கு நெட்டை என்று பேர் வைத்துவிட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்தாள், ஜட்ஜய்யாவுக்கு வணக்கம் சொன்னாள், அவன் தலையைச் சாய்த்து யோசித்துப் பதில் வணக்கம் சொல்கிற வரைக்கும் நின்றாள்.

"அக்கா, அண்ணன் என்னென்ன பண்ணுவாரு?"

"என்ன பண்ணுவான்? எல்லாம் நாமதான் பண்ணணும்."

"இல்லக்கா, அவராவே என்ன பண்ணுவாருன்னு கேட்டேன்."

"அவனுக்கு என்ன அவரு இவரு? இங்க பாரு. குளிப்பாட்டு, துடை, சட்டையைப் போடு, சாப்பாட்டை ஊட்டு, வேன்ல ஏத்து. நாப்பது நிமிஷத்து வேலை. ரெண்டு மணி நேரம் கொடுத்திருக்காங்க. மிச்ச நேரத்துல வீட்டைக் கூட்டி, பாத்திரத்தைப் போட்டுட்டுப் போ."

நெட்டை தலையை ஆட்டினாள். ஆட்டிய தலைக்கும் செய்த காரியத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று.

வீடு கூட்டப்படவில்லை. பாத்திரம் தொட்டியில் அப்படியே கிடந்தது. ஒரு வாரத்துக்கு வரவேண்டிய சோப்பு மூன்று நாளில் கரைந்தது. சாயங்காலம் பகல் மையத்து வேனிலிருந்து இறங்குகிறவனின் காதுக்குப் பின்னால் காலையில் போட்ட நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. டிரைவர் வேறு தலையை நீட்டி, "தினம் பத்து நிமிஷம் நிக்க வைக்கறீங்கம்மா. நான் ஹாரன் அடிக்கிறதா, இறங்கி வந்து நானே போட்டு விடறதா?" என்றார்.

ஒரு நாள் காலையில் வேனுக்கு ஓடுகிற அவசரத்தில் அக்கா அவளைக் கேட்டுவிட்டாள். "காதுக்குப் பின்னாடி என்னம்மா அது? பால் கறந்து விட்டாப்ல?"

"அவரே தேச்சுக்கிட்டாருக்கா."

"அதான் தெரியுதே."

நெட்டை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

ஃபிரிட்ஜின் மேல் ஒரு வருகைப் புத்தகம் கிடக்கும். வருகிற பெண் அன்றன்றைக்கு என்ன செய்தாள் என்று அதில் எழுத வேண்டும், சனிக்கிழமை வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா ஒரு கையில் டீயுடன் ஆறு நாளுக்கும் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பாகப் போடுவாள். படிக்க நேரம் ஏது? அந்தப் பெண் நுணுக்கி நுணுக்கிப் பக்கம் பக்கமாக வேறு எழுதி வைத்திருந்தாள். வேலை செய்யாதவர்கள்தான் நிறைய எழுதுவார்கள் என்பது அக்காவின் முடிவு.

நாலு மாதம் இப்படியே ஓடிற்று.

அன்று மழை. கம்பெனியில் பாய்லர் படுத்துவிட்டது. ஏழரைக்கு நின்றது, எட்டு மணிக்கு மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார், எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அக்கா ஈரக் குடையை மடக்கிக்கொண்டு நடைக்குள் வந்தபோது எட்டே முக்கால். ஜன்னல் பாதி திறந்திருந்தது.

உள்ளே ஜட்ஜய்யா நடு அறையில் நின்றான். சட்டை மாட்டியிருந்தது. முன்பக்கம் இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, மோவாயை நெஞ்சில் அழுத்திப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தான். பெருவிரல் வழுக்கிற்று. மறுபடி தேடினான், மறுபடி வழுக்கிற்று. மூக்கு ஒழுகியது. கண்ணிலிருந்து நீர் சட்டையில் சொட்டியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம், மூடிய பானைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல.

அவனுக்கு எதிரே நாற்காலியில் நெட்டை உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் தொடைக்குக் கீழே. ஆடவில்லை, அசையவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா இரண்டு நிமிடம் பார்த்தாள். ஒரு சட்டைக்கான நேரம். பிறகு கதவைத் தள்ளினாள்.

"என்னடி வேடிக்கை இது?"

"அக்கா, தொடாதீங்க. கிட்ட வந்துட்டாரு—"

அக்கா அதற்குள் போட்டு முடித்திருந்தாள். அவன் விரலை விலக்கி, ஏற்கெனவே போட்டிருந்ததையும் அவிழ்த்து நேராக்கி, மேலிருந்து கீழே ஆறு பட்டன், ஆறு நொடி. ஜட்ஜய்யா சட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு வாயைத் திறந்து அலறினான். ஆறு வீட்டுக் கதவும் திறந்தது. அம்மா செத்த அன்றைக்குக்கூட அவன் அப்படி அலறவில்லை.

"பாத்தியா, எப்படி ஆக்கி வச்சிருக்கே என் தம்பியை? வெளிய போ."

நெட்டை எழுந்தாள். கையை நீட்டினாள், மடக்கினாள். விரலெல்லாம் நாற்காலிப் பிரம்பின் கோடு பதிந்து சிவந்திருந்தது. ஃபிரிட்ஜின் மேலிருந்த புத்தகத்தில் நின்றவாக்கில் ஏதோ எழுதினாள். "எழுதறதுதான் இப்ப குறைச்சல்," என்று அக்கா கத்தியதும் பாதியில் வைத்துவிட்டு, ஜட்ஜய்யாவிடம் மட்டும் "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா உடனே ஆபீசுக்குப் போன் போட்டாள். சூப்பர்வைசர் அம்மாவுக்கு எந்நேரமும் சளி பிடித்த குரல்.

"நீங்க அனுப்பின பொண்ணு என் தம்பியை அழ விட்டு வேடிக்கை பாக்கறா."

"அடிச்சாங்களாம்மா?"

"அடிக்கல."

"திட்டினாங்களா?"

"வாயே திறக்கலன்றேன். கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு, சும்மா, பொம்மை மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கா."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அம்மா, சும்மா உக்காந்திருந்தாங்கன்னு போட இங்க கட்டம் இல்ல. அடிச்சாங்க, திட்டினாங்க, தூங்கினாங்க, போன் பாத்தாங்க, நேரத்துக்கு வரல. இதுல எதுன்னு சொல்லுங்க."

அடுத்த அறையில் அவன் இன்னும் விக்கிக்கொண்டிருந்தான்.

"போன் பாத்துட்டு இருந்தாங்களா?" சூப்பர்வைசர் அம்மாவே எடுத்துக் கொடுத்தாள்.

"ஆமா."

"சரிம்மா. போட்டாச்சு."

ஒரு சொல்தான். காலரில் சுருக்கம் விழுந்தால் தண்ணீர் தெளித்துத் திருப்பித் தேய்க்கிறவள், அந்தச் சொல்லைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சிட்டு வந்தாள். பெயருக்கு ஏற்ற ஆள், நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். "வாடா கண்ணு, வாடா செல்லம், யாரு இது, ஜட்ஜா? கையைத் தூக்கு பாக்கலாம்!" என்று கொஞ்சிக்கொண்டே குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு, ரொட்டியைப் பாலில் தொட்டு ஊட்டி, முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அவனைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நாற்காலியில் வைத்துவிடுவாள். மிச்ச நேரத்தில் வீடு பளபளத்தது.

"எப்படிம்மா இவ்வளவு வேகம்?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு நாளைக்கு ஆறு வீடுக்கா. நின்னா என் கதை கந்தல்."

அக்காவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? அவளையே பார்த்த மாதிரி இருந்தது. மாதக் கடைசியில் ஆபீசிலிருந்து சேவையின் தரம் எப்படி என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் போட்ட தாள் ஒன்று வந்தது. அக்கா ஐந்தையும் கறுப்படித்து அனுப்பினாள்.

ஜட்ஜய்யா அழுவதை நிறுத்தியிருந்தான். காலையில் எழுந்ததும் நடு அறையில் வந்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பான், காயப்போட்ட சட்டை மாதிரி. யாராவது வந்து எதையாவது மாட்டுகிற வரைக்கும் நிற்பான். வாயைத் திறந்துகொள்வான், ஊட்டுவதற்கு. முன்னால் தானாக எடுத்துக் குடித்த டம்ளரைக்கூட இப்போது பார்த்துக்கொண்டிருந்தான். நல்லா அடங்கிட்டான் என்று அக்கா கம்பெனியில் சொன்னாள்.

"அடங்கினானா, அணைஞ்சானா?" என்றாள் மடிக்கிறவள், துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாயைக் கழுவுடி."

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியில் இஸ்திரிப் பிரஸ்ஸின் மேல்தட்டு அக்காவின் வலது கைமேல் இறங்கியது. இதைத் தண்டனை என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். அந்த மெஷினின் தடுப்புக் கம்பி மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தது, எல்லாருக்கும் தெரியும். விரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துவிட்டது. பஞ்சும் துணியும் சுற்றிக் கையைப் பந்து மாதிரி கட்டி, ஆறு வாரம் வீட்டிலிரு என்று அனுப்பினார்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை, சிட்டு வராத நாள். வெளியே மழை கொட்டியது. பதினொரு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றியாக வேண்டும். அக்கா மழைக்கோட்டை எப்படியோ தோளில் ஏற்றிவிட்டாள். முன்னால் ஆறு பட்டன். இடது கை ஒன்றுதான். பட்டனைப் பிடித்தால் துளை நழுவியது, துளையைப் பிடித்தால் பட்டன் நழுவியது. ஒரு நாளைக்கு இருநூறு சட்டைக்குப் பட்டன் போட்ட கை.

"ஜட்ஜய்யா, இங்க வாடா. இதைக் கொஞ்சம் பிடி."

அவன் வந்தான். தலையைச் சாய்த்துக் கோட்டைப் பார்த்தான், அவள் விரலைப் பார்த்தான். பிறகு திரும்பிப் போனான். சமையலறையிலிருந்து நாற்காலியை இழுத்து வருகிற சத்தம் கேட்டது. அவளுக்கு நேர் எதிரே போட்டான். உட்கார்ந்தான். வலது கையை வலது தொடைக்குக் கீழே செருகினான். இடது கையை இடது தொடைக்குக் கீழே செருகினான்.

"என்னடா பண்றே? வந்து பிடிடான்னா."

தலையாட்டினான். மாட்டேன் என்று.

"டேய், நேரமாச்சு. ஆஸ்பத்திரியைப் பூட்டிடுவாங்க."

"மெதுவா," என்றான் ஜட்ஜய்யா. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களே," என்றான்.

நாற்பத்தொரு வருஷத்தில் அவன் அவளை நீங்க என்று சொன்னதில்லை. யாரையும் சொன்னதில்லை. அவனை யாரும் சொன்னதில்லை, ஒருத்தியைத் தவிர.

அக்காவுக்குக் கோபம் வந்தது. பட்டனோடு மல்லுக்கு நின்றாள். வெந்த கை உள்ளே துடித்தது. பட்டன் பாதி நுழைந்து வெளியே வழுக்கியபோது, அவளை அறியாமல் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதை அவன் பார்த்தான். தோள் குலுங்கிற்று. வலது கை தொடைக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்தான். திரும்ப உள்ளே தள்ளினான். தள்ளிவிட்டு, அது மறுபடி வராதபடி தன் முழுப் பாரத்தையும் அதன்மேல் வைத்து அழுத்தினான். நெற்றியில் நரம்பு புடைத்தது.

அந்தக் கை அங்கே சும்மா இல்லை என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பட்டன் உள்ளே போயிற்று. எப்படிப் போனதென்று அவளுக்கே தெரியவில்லை. ஜட்ஜய்யா வலது கையை உருவி ஒரு விரலைத் தூக்கினான். அதில் பிரம்புக் கோடு பதிந்திருந்தது.

"ஒண்ணு," என்றான்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மழைக்கோட்டோடு நின்று ஃபிரிட்ஜின் மேலிருந்து வருகைப் புத்தகத்தை எடுத்தாள். கடைசி இரண்டு மாதம் சிட்டுவின் எழுத்து. தினமும் ஒரே வரி: எல்லாம் முடிந்தது, நன்று. எல்லாம் முடிந்தது, நன்று. அதற்கு முன்னால் அந்த நுணுக்கு எழுத்து.

"இன்று சோப்பு அவரே. காது மட்டும் மறந்துவிட்டார். நாளை சொல்லலாம்."

"டம்ளர் அவரே. பாதி சிந்தியது. மீதி குடித்தார்."

"சட்டை: ஒரு பட்டன், அவரே. முப்பத்தெட்டு நிமிடம். அழுதார். நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, வேண்டாம் என்றார்."

"இரண்டு பட்டன், அவரே. வேனில் டிரைவரிடம் காட்டினார்."

ஒரு சனிக்கிழமைக்குக் கீழே தனியாகக் கோடு போட்டு எழுதியிருந்தது: "அக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டையை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். நம் கை துறுதுறுக்கும். தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்." அதற்கு அடியில் அக்காவின் கையெழுத்து இருந்தது. ஒரே இழுப்பு.

அந்த நுணுக்கு எழுத்தின் கடைசிப் பக்கம் பாய்லர் படுத்த நாள். "இரண்டு பட்டன், அவரே. மூன்றாவது" என்று எழுதி நின்றிருந்தது.

மறுநாள் காலையில் அக்கா ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"அந்தப் புகாரைத் திரும்ப வாங்கிக்கறேம்மா. அவ போன் பாக்கல."

சூப்பர்வைசர் அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அது முடிஞ்சு போச்சேம்மா. அவங்க பேர் பட்டியல்ல ஏறிடுச்சு. இனி எந்த ஆபீசும் அவங்களை எடுக்காது."

"பொய் சொல்லிட்டேங்கறேன்."

"எழுத்துல கொடுக்கணும். கொடுத்தா பொய்ப் புகார்ன்னு உங்க வீட்டு கேஸ் மேலிடத்துக்குப் போகும். அது முடியற வரைக்கும் உங்களுக்கு யாரையும் அனுப்ப மாட்டோம். ஒரு மாசமும் ஆகும், ரெண்டு மாசமும் ஆகும். அப்புறம் தருவாங்களான்னும் சொல்ல முடியாது. எதுக்கும்மா கிளறிக்கிட்டு? இப்ப வர்ற பொண்ணுக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கீங்க."

"யோசிச்சுச் சொல்றேன்," என்று அக்கா வைத்துவிட்டாள். வைத்ததும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. கேட்டாச்சு, முடியாதுன்னுட்டாங்க, நம்ம கையில என்ன இருக்கு என்கிற நிம்மதி. அந்த நிம்மதிதான் பின்னால் அவளை அரித்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தம்பி நீட்டிய கையோடு நடு அறையில் நின்றால் அந்தப் பக்கம் போகாமல் சமையலறையிலேயே இருந்தாள்.

மூன்றாம் நாள் பகல் மையத்து டிரைவரிடம் விசாரித்துப் போனாள். நெட்டை ஒரு முட்டைக் குடோனில் இருந்தாள். நீளமான இருட்டு அறை. மேஜைக்கு மேஜை ஒரு பெட்டி, பெட்டிக்குள் விளக்கு, மூடியில் ஒரு துளை. ஒவ்வொரு முட்டையாகத் துளையில் வைத்துச் சுழற்றி, கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும். அவள் உயரத்துக்கு மேஜை பள்ளத்தில் இருந்தது. அக்காவைப் பார்த்தாள். முட்டையைச் சுழற்றுவதை நிறுத்தவில்லை.

"கையில என்னக்கா?"

"வெந்து போச்சு."

"பாத்துக்குங்க."

அக்கா நின்றாள். "நீ போன் பாத்துட்டு இருந்ததா சொல்லிட்டேன்," என்றாள்.

"தெரியும். காட்டினாங்க." முட்டையைத் தட்டில் வைத்தாள். "அன்னைக்கு எங்கிட்ட போனே இல்லக்கா. கண்ணாடி உடைஞ்சு ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். கடைச் சீட்டைக்கூடக் கொண்டுபோய்க் காட்டினேன். வீட்டுக்காரங்க சொன்னா சொன்னதுதான்னுட்டாங்க."

விளக்குப் பெட்டிகளின் மேல் முட்டைகள் சிவந்து சிவந்து அணைந்தன.

"என்னைத் திட்டு. ரெண்டு வார்த்தை திட்டேன்."

"திட்டினா உங்களுக்குத்தான் நல்லாயிருக்கும். எனக்குத் தட்டு நிறையணும்." அடுத்த முட்டையை எடுத்தாள். "மூணாவது போட்டாரா?"

அக்கா தரையைப் பார்த்தாள். "கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான்."

நெட்டையின் கை அப்போதுதான் நின்றது. கையிலிருந்த முட்டையில் கீறல் இல்லை. ஆனாலும் கீறல் தட்டில் வைத்துவிட்டாள்.

"திரும்ப வந்துடு," என்றாள் அக்கா. "நான் எப்படியாவது பேசி—"

"வரமாட்டேன். உங்க வீட்டுக்கு வரமாட்டேன். இங்க நல்லாத்தான் இருக்கு. முட்டை எதுவும் புகார் கொடுக்கறதில்ல." சிரிக்கவில்லை. "ஆனா வேற வீடுங்க இருக்குக்கா. எனக்குத் தெரிஞ்சது அந்த வேலைதான். அந்தப் பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்து விடுங்க. மத்ததெல்லாம் வேணாம்."

அக்கா திரும்பி நடந்தாள். கதவருகே போனபோது நெட்டை கூப்பிட்டாள்.

"கீழேர்ந்து போடச் சொல்லுங்க. கீழ இருக்கறதுதான் அவரு கண்ணுக்குத் தெரியும்."

மறுநாள் சிட்டுவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏழு மணிக்கு ஜட்ஜய்யா நடு அறையில் வந்து கையை நீட்டி நின்றான். அக்கா சட்டையை அவன் தோளில் மாட்டிவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கை எப்படியும் உதவாது. இடது கையைத்தான் தொடைக்கு அடியில் சிறை வைக்க வேண்டியிருந்தது.

"நீங்களே," என்றாள். வாய்க்குப் பழகாத சொல். மறுபடி சொன்னாள்.

நீட்டிய கை கீழே இறங்கவே இருபது நிமிடம் ஆயிற்று. பழகிய விரல்கள் மறந்துவிட்டிருந்தன. பட்டன் எது, துளை எது என்று முதலிலிருந்து தேடினான். அக்காவின் கை தொடைக்கு அடியில் சட்டை சட்டையாகப் போட்டுத் தள்ளியது. தேய்ப்பதைவிட இது கஷ்டமான வேலை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவள் அவர்களைக் கேலி செய்திருப்பாள். அவன் அழுதான். அவள் நிறுத்தட்டுமா என்று கேட்டாள். தலையைச் சாய்த்தான். வேண்டாம் என்றான். ஒன்பது மணிக்கு வேன் வந்தது, ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது, போய்விட்டது.

ஒன்பதே காலுக்கு ஒரு பட்டன் நுழைந்தது. தப்பான துளையில். சட்டையின் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, நடுவே பனியன் தெரிந்தது. அவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். அக்காவின் கண் போய்ப் போய் அந்த இறக்கத்திலேயே நின்றது. எழுந்தாள், குடையை எடுத்தாள்.

"வா, போகலாம்."

நடையில் பக்கத்து வீட்டுக்காரி பல்லில் பிரஷ்ஷோடு நின்றாள். "என்னக்கா, இஸ்திரிக்காரி வீட்டுலயே இந்தக் கோலமா?"

"அவரே போட்டாரு," என்றாள் அக்கா.

ஆபீசில் சூப்பர்வைசர் அம்மா குரலைவிடச் சின்னவளாக இருந்தாள். கழுத்தில் சால்வை சுற்றியிருந்தாள். ஜட்ஜய்யாவைப் பார்த்ததும், "ஐயையோ, என்ன கண்ணா இது," என்று சட்டையைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்தான்.

"தொடாதீங்க," என்றாள் அக்கா.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அக்கா உட்கார்ந்தாள். "பொய் சொன்னேன்னு போடக் கட்டம் இருக்கா?"

"இல்லம்மா." மேஜை இழுப்பறையைத் திறந்தாள். "வெள்ளைத் தாள்தான் தரணும். அன்னைக்குப் போன்ல நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கில்ல? நாளையிலேர்ந்து யாரும் வரமாட்டாங்க."

"இருக்கு."

"கை வேற இப்படி இருக்கு. சொல்லுங்க, நான் எழுதிடறேன். ரெண்டு நிமிஷ வேலை. கையெழுத்து மட்டும் போடுங்க."

"இல்ல. நானே எழுதறேன்."

இடது கையில் பேனா நிற்கவில்லை. முதல் எழுத்து தாளைக் கிழித்தது. இரண்டாவது எழுத்து சாய்ந்து விழுந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு கோணலாக எதையும் செய்ததில்லை. சூப்பர்வைசர் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அக்காவின் பேனாவைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஜட்ஜய்யா அதை மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டான். கோணல் சட்டையோடு உட்கார்ந்தான். வலது கையை வலது தொடைக்குக் கீழேயும் இடது கையை இடது தொடைக்குக் கீழேயும் வைத்துக்கொண்டான்.

"மெதுவா," என்றான், இரண்டு பேருக்கும் பொதுவாக.

"அன்று அந்தப் பெண்ணின் கையில் போன் இல்லை" என்று எழுதி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அக்கா பேனாவைத் தூக்கினாள். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தலையைச் சாய்த்துத் தாளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்துவிட்டு, ஒரு கையை உருவி ஒரு விரலைத் தூக்கினான்.

"ஒண்ணு."

அக்கா இரண்டாவது வரிக்குப் போனாள். அது "நான்" என்று தொடங்க வேண்டிய வரி.